விசா: நுழைவிசைவா, தங்கலிசைவா?

தென்னாப்பிரிக்காவுக்குப் படிக்கவோ வேலை செய்யவோ வரும் வெளிநாட்டவரின் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் தாளை டர்பன் தமிழராகிய நாமும் 'விசா' என்றே சொல்கிறோம். மூத்தோர் சிலர் வாயில் இன்னும் 'பர்மிட்' என்றே வருகிறது.

விசா இலத்தீன் சொல். 'காண்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்து, 'பார்வையிடப்பட்ட தாள்' என்று பொருள்படும் 'கார்ட்டா வீசா' என்ற தொடரின் பின்பாதியாக நின்று, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அதிகாரி தாளைப் பார்த்துவிட்டார் என்பதைக் காட்டும் மேலொப்பமே அதன் முதற்பொருள். வடமொழி வழிவந்த 'விசாரணை'க்கும் இதற்கும் உறவில்லை. வரிசையில் நிற்பவருக்கு அப்படித் தோன்றினால் அது சொல்லின் குற்றமன்று.

தமிழில் வழங்கும் 'நுழைவிசைவு', நுழைவு, இசைவு என்னும் இரு சொற்கள் புணர்ந்து, நிலைமொழி ஈற்று உகரம் கெட்டு அமைந்தது. இசைதல் என்றால் உடன்படுதல். 'பார்த்தாயிற்று' என்னும் இலத்தீன் பொருளை மொழிபெயர்க்காமல், 'வர உடன்படுகிறோம்' என்று செயலின் பயனைச் சொல்வதால் இது நல்ல ஆக்கமே. ஆயினும் நம் நாட்டுச் சட்டத்துக்கு இது முழுதும் பொருந்தவில்லை.

2002ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2014 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை படிப்பு பர்மிட், வேலை பர்மிட் எனப்பட்டவை விசா எனப் பெயர் மாறின. பர்மிட் என்னும் சொல் நிரந்தரக் குடியிருப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. குடியரசில் தற்காலிகமாகத் தங்குவதற்கான அதிகாரம் என்றே விசாவுக்குச் சட்டம் பொருள் வகுக்கிறது. உயர்கல்வி மாணவர் தம் படிப்பு விசாவில் வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல் பகுதிநேர வேலை பார்க்கலாம். பொது வேலை விசா ஐந்தாண்டு வரை செல்லும். ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி வருவோருக்கான விசா நான்காண்டோடு முடியும், நீட்டிக்க இயலாது. இவையெல்லாம் வாசலைக் கடந்தபின் நடப்பவை. ஆகவே இங்கு 'தங்கலிசைவு' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வகை சுட்டும்போது கல்வி இசைவு, பணி இசைவு எனச் சுருக்கலாம். 'உரிமம்' வேண்டா, அது வண்டி ஓட்டுவதற்கும் கடை நடத்துவதற்கும் உரியது.

மூத்தோர் பர்மிட்டை விடாததற்குக் காரணம் உண்டு. இந்நாட்டிலேயே பிறந்த இந்திய வம்சாவளியினரும் நேட்டால் மாகாணத்திலிருந்து டிரான்ஸ்வால் மாகாணத்துக்குச் செல்ல 1975 வரை பர்மிட் வாங்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு அது வெளிநாட்டவர் கையிலிருக்கும் தாளின் பெயர் மட்டுமன்று, தம் கையிலிருந்த தாளின் பெயரும்கூட. இன்று அச்சொல் குறிக்கும் நிரந்தரக் குடியிருப்பை, ஈழத்தமிழர் வழக்கிலுள்ள 'வதிவு' என்பதைக்கொண்டு, 'நிரந்தர வதிவுரிமை' எனலாம்.