வாசலில் எழுதும் அந்த ஒரு வரி

இரவு ஒன்பது மணி இருக்கும். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். மூன்று பேருக்கும் தலைவலி, வாந்தி, லேசான கிறுகிறுப்பு. வருகிறவர்களை வாசலிலேயே பார்த்து யாருக்கு அவசரம் என்று பிரிக்கும் டிரையாஜில் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதி உள்ளே அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு ஒரு தடவைகூட இல்லை, விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 99 சதவீதம் என்று காட்டியது. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டேன். அப்பா மட்டும் நன்றாக இருக்கிறார், அவர் காலையிலிருந்து வெளியே வேலைக்குப் போயிருந்தார் என்றான் பெரிய பையன். அப்புறம்தான் விஷயம் வந்தது. முந்தின நாளிலிருந்து கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் மழையில் நனைந்துவிடும் என்று அதை வீட்டுக்குள்ளேயே வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ரத்தத்தில் ஏறியிருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்டியிருப்பது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடா என்று சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால்தான் அந்த 99. ஆக்ஸிஜன் கொடுத்து மூன்று பேரும் தேறினார்கள். ஆனால் அன்று ராத்திரி ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டியபோது எனக்கு மனசு கனத்துப் போனது. காலை ஷிஃப்டில் அதே பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள், ஒருவருக்கு 'தலைவலி', இன்னொருவருக்கு 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தோம். அவர்களை மறுபடி தேடிக் கூப்பிடவேண்டி வந்தது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தால் அது வெறும் தலைவலி. ஐந்து பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒரு ஆபத்து. பொது சுகாதாரக் கண்காணிப்பில் அவசர சிகிச்சைப் பிரிவின் பங்கு இதுதான். நோய் இன்னதென்று லேப் ரிசல்ட் வந்து உறுதியாகும்வரை காத்திருக்காமல், என்ன தொந்தரவு என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள் என்பதையே எண்ணிப் பார்ப்பது. சிண்ட்ரோமிக் சர்வெய்லன்ஸ் என்று இதற்குப் பெயர். வயது, பாலினம், வந்த நேரம், வசிக்கும் பகுதி, என்ன தொந்தரவு, இவ்வளவு போதும், பெயரோ கதவு எண்ணோ தேவையில்லை. இன்றைய எண்ணிக்கையை இதே கிழமையில் வழக்கமாக வரும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, மீறினால் சுகாதாரத் துறையில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். கிழமையைப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் திங்கட்கிழமை கூட்டம் எப்போதுமே அதிகம், அதை நோய்ப் பரவல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2003 ஆகஸ்டில் நியூயார்க்கில் பெரிய மின்தடை ஏற்பட்டது. அடுத்த சில நாட்களில் வயிற்றுப்போக்கோடு வருபவர்கள் கூடியதை இந்த மாதிரிக் கண்காணிப்புதான் முதலில் காட்டியது. விசாரித்ததில், மின்தடைக்குப் பிறகு சாப்பிட்ட இறைச்சியும் கடல் உணவும்தான் சந்தேகத்துக்கு வந்தன. யோசித்துப் பாருங்கள், வயிற்றுப்போக்குக்கு எத்தனை பேர் மலப் பரிசோதனை வரை போகிறார்கள்? லேப் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. அதே மாதம் பிரான்ஸில் அடித்த வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், இத்தனை பேர் சாகிறார்கள் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. அடுத்த ஆண்டே அந்த நாடு அவசரப் பிரிவுகளிலிருந்து தினமும் தகவல் திரட்டும் வலையமைப்பைத் தொடங்கியது. மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று இடிமழைக்கு முன் வீசிய காற்றில் புல் மகரந்தம் கலந்து, ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்துபோனார்கள். இப்படி மணிக்கணக்கில் வந்து போகும் ஆபத்தை, வருகிறவர்களை உடனுக்குடன் எண்ணினால்தான் பிடிக்க முடியும்.

தொற்றுநோய்க்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் நடந்தது. ஜோனதன் ஷெப்பர்ட் முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர். அடிதடியில் முகம் கிழிந்து வருபவர்களுக்குத் தையல் போடுகிறவர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பற்றி போலீஸுக்குத் தெரியவே தெரியாது என்று கவனித்தார். எங்கே அடிபட்டது, எப்போது, எதனால் என்ற கேள்விகளைப் பதிவு கவுன்ட்டரில் இருப்பவர்களே கேட்டு எழுத ஏற்பாடானது. பெயரை நீக்கிவிட்டு அதை நகர நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் கொடுத்தார்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ரோந்து வேண்டும், எந்த மதுக்கூடத்தைக் கவனிக்கவேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. வன்முறைக் காயத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுபவர்களின் எண்ணிக்கை, அதே போன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோது 42 சதவீதம் குறைந்ததாக 2011ல் வெளியான ஆய்வு சொன்னது. அத்தனைக்கும் ஆரம்பம் கவுன்ட்டரில் எழுதிய ஒரு வரி!

ஆட்கள் வராமல் போவதும் ஒரு சேதிதான். 2020ல் கோவிட் அவசரநிலை அறிவிக்கப்பட்ட பிறகான பத்து வாரங்களில் அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு மாரடைப்போடு வந்தவர்கள் 23 சதவீதமும், பக்கவாதத்தோடு வந்தவர்கள் 20 சதவீதமும் குறைந்தார்கள். மாரடைப்பே திடீரென்று இவ்வளவு குறைந்திருக்க வாய்ப்பில்லை, பயத்தில் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டிருக்க வேண்டும். ஆட்கள் குறைந்தது தெரிந்ததால்தான் 'நெஞ்சு வலித்தால் தாமதிக்காமல் வாருங்கள்' என்று மக்களிடம் சொல்ல முடிந்தது.

சரி, குறைகள் இல்லையா? இருக்கின்றன. பொய் எச்சரிக்கைகள் நிறைய வரும், செய்தியில் ஒரு நோயின் பெயர் அடிபட்டாலே பயந்து வருபவர்கள் கூடுவார்கள். ஆஸ்பத்திரி பக்கமே வர வசதியில்லாதவர்கள் இந்தக் கணக்கில் விழமாட்டார்கள், அதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

ஆனாலும் எங்கள் கையில் இருப்பதை ஒழுங்காகச் செய்யலாமே. கூட்டம் நெரியும்போது டிரையாஜில் நிற்கும் சிஸ்டருக்கு ஒரு நோயாளிக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது, அவரைக் குற்றம் சொல்லவே மாட்டேன். 'உடம்பு சரியில்லை', 'பொதுவான பலவீனம்' என்று எழுதினால் அது எந்தக் கணக்கிலும் சேராது. 'தலைவலி, வாந்தி, வீட்டில் மூன்று பேருக்கு' என்று எழுத இன்னும் ஐந்து விநாடி. டயக்னோசிஸை அங்கேயே ஊகித்து எழுதுவதைவிட, வந்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது நல்லது, 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஊகம் அன்று எங்களை எவ்வளவு தூரம் தள்ளிவிட்டது என்று மேலே பார்த்தீர்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தத் தகவல்களை மேலே அனுப்பினால், அதிலிருந்து என்ன தெரிந்தது என்று திருப்பி எங்களுக்கும் சொல்லுங்கள், எங்கே போகிறது என்றே தெரியாத படிவத்தை யாரும் அக்கறையோடு நிரப்பமாட்டார்கள்.

நோயாளியாகவோ துணைக்கோ வருகிறவர்கள், கேட்காவிட்டாலும் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: எப்போது ஆரம்பித்தது, அப்போது எங்கே இருந்தீர்கள், கூட இருந்தவர்களில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா.

அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் டிரையாஜ் ஷீட்டில் 'வீட்டில் வேறு யாருக்காவது?' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். முதலில் பேனாவால் எழுதி ஒட்டினோம், இப்போது அச்சிலேயே வருகிறது.