வரப்பு அருகும் கோல்ஃப் புல்தரையும்

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி இருக்கும் வழவழப்பான பரப்பை ‘கிரீன்’ என்பார்கள். வெப்ப நாடுகளில் அங்கே பெரும்பாலும் வளர்வது நம் தஞ்சாவூர், திருவாரூர் வரப்புகளில் ஓடும் அருகம்புல்லின் சந்ததிதான்.

கிரீனில் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள், அதுவும் அநேகமாகத் தினமும். அருகு இதற்கெல்லாம் அசராது. அதன் மொட்டுகள் தரையோடு ஓடும் கொடியிலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலும் இருப்பதால், மாடு மேய்ந்தாலும் இயந்திரம் வெட்டினாலும் மறுபடி தளிர்க்கும்.

குளிர் நாடுகளின் கிரீன்களில் இருப்பது பென்ட் புல். அது சி3 வகை. காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் முறையை வைத்துத் தாவரங்களை சி3, சி4 என்று பிரிப்பார்கள். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால், கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய அதன் நொதி ஆக்சிஜனையும் அதிகமாகப் பிடிக்கும். செய்த சர்க்கரை வீணாகும், வேர் குறுகும். நெல்லும் சி3 தான், ஆனால் அது வெயிலுக்குப் பழகிய பயிர், தினசரி வெட்டும் அதற்குக் கிடையாது. அருகும் கரும்பும் சி4. கரியமில வாயுவை உள் செல்களில் செறிவாக்கிய பிறகே சர்க்கரை செய்வதால் சித்திரை வெயில் அவற்றுக்குப் பொருட்டல்ல. அருகுக்கு ஆகாதது நிழல்தான்.

அமெரிக்காவின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி சாதாரண அருகை ஆப்பிரிக்க அருகோடு இனக்கலப்பு செய்து உருவாக்கிய டிஃப்கிரீன் ரகம், 1956-ல் வெளிவந்தது. இந்தக் கலப்பினத்துக்கு விதை பிடிக்காது. கொடித் துண்டை நட்டுத்தான் பெருக்க வேண்டும். அப்படியானால் கிரீன் முழுக்க ஒரே புல்தானே இருக்க வேண்டும்? இருப்பதில்லை. கொடியிலேயே மரபணு மாற்றம் இயல்பாக நேரும். சில ஆண்டுகளில் அங்கங்கே வேறு நிறத்தில், வேறு வேகத்தில் வளரும் திட்டுகள் தெரியும். பந்து சீராக உருளாது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தெளித்தாலும் ஒரு திட்டு அடங்கும், பக்கத்துத் திட்டு அவ்வளவாக அடங்காது.

நம் விதைப்பண்ணைக்காரர்கள் இதைக் கேட்டதும் ‘கலவன்’ என்று சொல்லிவிடுவார்கள். ரகத்துக்குள் கலந்து நிற்கும் வேற்றுச் செடிக்கு அவர்கள் வைத்த பெயர் அது; கண்டதும் பிடுங்கிவிடுவார்கள். வைத்தியமும் ஏறக்குறைய அதேதான். இரண்டும் அருகு என்பதால் ஒன்றை மட்டும் கொல்லும் களைக்கொல்லியை நம்ப முடியாது. திட்டு சிறிதாக இருக்கும்போதே மண்ணோடு பெயர்த்து எடுத்து, தூய நாற்றங்கால் புல்லை அந்த இடத்தில் பதிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அப்புறம் முழுக் கிரீனையும் மாற்றும்படி ஆகிவிடும்.

டெல்டாவின் களிமண்ணில் நேரடியாகக் கிரீன் போடக்கூடாது. மிதிபட்டு இறுகிவிடும், நீர் வடியாது. சரளைக்கு மேல் சுமார் 30 சென்டிமீட்டர் மணல் தேவை. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடைமடையில் உப்பும் சேர்கிறது. அங்கே நான் அருகைத் தேடமாட்டேன். உப்பு நீரை நன்றாகத் தாங்கும் கடலோர பாஸ்பாலம் புல்லைத்தான் நடச் சொல்வேன்.