நத்தார் வேலையைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்

மூன்றாம் தவணை முடியும் நேரத்தில் கிளினிக்குக்கு வரும் அம்மாமார் பலரும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள். "வாயால கேட்டா எல்லாம் சொல்லுறான் மிஸ். கொப்பியில எழுதச் சொன்னா ரெண்டு வரியோட கை நோகுதெண்டு பென்சிலை வைச்சிடுறான்." வன்னியில் தொழில்வழிச் சிகிச்சையாளராக, அதாவது அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்குபவராக, வேலை செய்யும் எனக்கு இது மாரி மழையோடு சேர்ந்தே வரும் முறைப்பாடு. குளங்கள் வான் பாய்ந்து, ஒழுங்கையில் வெள்ளம் நின்று, விளையாட இடமில்லாமல் வீட்டுக்குள் முடங்கும் பிள்ளையின் கைக்குப் போன் போய்விடுகிறது. திரையைத் தடவுவதற்கு ஒரு விரல் நுனி போதும். எழுதுவதற்கு அது போதாது.

பென்சில் பிடிக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டு உறுதியாக நிற்க வேண்டும். பெருவிரல் சுட்டுவிரலை எதிர்கொண்டு அழுத்த வேண்டும். மற்றக் கை தாளை அசையாமல் பிடிக்க வேண்டும். மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்கு வயதளவில் சிலுவைக் குறியையும், ஐந்து வயதளவில் முக்கோணத்தையும் பார்த்துக் கீறப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். மூன்று விரலால் பென்சிலைப் பிடிக்கும் பிடி பெரும்பாலும் நான்குக்கும் ஆறுக்கும் இடையில் பதிகிறது. கொப்பி கொப்பியாக 'அ' எழுதவைப்பதால் மட்டும் அந்தப் பிடி வந்துவிடாது. பிசைந்து, கிள்ளி, முறுக்கி, கிழித்து, முடிந்து பழகிய விரல்களுக்கே அது வாய்க்கிறது. இவ்வளவு வேலையும் நத்தாருக்கு முந்திய நான்கு வாரங்களான திருவருகைக்காலத்தில் எங்கள் வீடுகளில் தானாகவே நடக்கிறது. ஆனால் பிள்ளையை மட்டும், "குழப்பாமல் அங்கால போ" என்று துரத்திவிடுகிறோம்.

துரத்தாத ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். அவர்களின் மூத்த மகளுக்குப் பிறப்பிலிருந்தே உடலின் வலப்பக்கம் பலவீனம். நடக்கச் சிரமம், பள்ளிக்கூடமோ தூரம், மாரியில் அந்தப் பாதையில் சக்கர நாற்காலியும் போகாது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமான நாட்டில் பிள்ளை வீட்டில் இருந்து படிப்பது வழமையானதல்ல. அவள் மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அதற்கு வழி பிறக்கும் வரை தாயே படிப்பிக்கிறார். ஆசிரியை ஒருவர் பாடத்தாள்களைக் கொண்டுவந்து கொடுத்துப் போகிறார். நான் கொடுத்த பயிற்சிகளை அந்தத் தாய் திருவருகைக்கால வேலைகளுக்குள் கொண்டுபோய் வைத்த விதம் எனக்கே பாடமாக இருந்தது.

சிப்பிப் பலகாரம் சுடும் நாளில் அவர்களின் விறாந்தையில் இருந்து பார்த்தேன். தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்த மாவை மகள் கச்சான் பருப்பளவில் கிள்ளி எடுக்கிறாள். புதுச் சீப்பு ஒன்றின் பல்லில் அதை வைத்து, இடக்கைப் பெருவிரலால் அழுத்தி உருட்டுகிறாள். வரிவரியாகக் கோடு விழுந்து மா சிப்பி போலச் சுருள்கிறது. சீப்பைப் பிடிக்க வேண்டியது வலக்கை. அது தளர்ந்தால் சீப்பு ஆடும், சிப்பி பிய்ந்துவிடும். "சீப்பு ஆடுது, இறுக்கிப் பிடி பிள்ளை" என்று தாய் சொல்கிறாரே தவிர, தான் பிடித்துக் கொடுக்கவில்லை. பலவீனமான கைக்கு "பிடித்துக்கொண்டிரு" என்ற வேலையைக் கொடுத்து இரண்டு கையையும் சேர்த்து இயக்கவைப்பதுதான் இப்படியான பிள்ளைகளுக்கு நாங்கள் கிளினிக்கில் செய்யும் பயிற்சியின் அடிப்படை. கிளினிக்கில் சில நிமிடங்களிலேயே சலித்துக்கொள்ளும் பிள்ளை, தம்பியோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு தட்டு நிறையச் சிப்பி உருட்டினாள். பிறகு பத்துப் பத்தாக எண்ணி வைத்தார்கள். அன்றைய கணிதப் பாடம் அது.

பாலன் குடிலுக்கு அவர்கள் நெல் முளைக்கப் போடுவதும் அப்படித்தான். ஓரிரவு ஊறவைத்த விதைநெல்லை ஈரச் சாக்கில் மூடி, முளை வெடித்த பிறகு மண் நிரப்பிய சிரட்டைகளில் தூவ வேண்டும். டிசம்பர் 13, 14 அளவில் தூவினால் நத்தாருக்குள் குடிலைச் சுற்றிப் பச்சை வயல் வந்துவிடும். விதையை அள்ளிக் கொட்டாமல் இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளித் தூவச் சொல்லுங்கள். முளை வந்ததும் அடிமட்டத்தால் அளந்து ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதட்டும். எத்தனை சென்ரிமீற்றர், எந்தச் சிரட்டை பிந்துகிறது, ஏன் பிந்துகிறது. ஒரு வரி எழுதினாற் போதும். எழுதுவதற்குக் காரணம் இருந்தால் பிள்ளை அடுத்த நாள் தானாகவே இரண்டு வரி எழுதும்.

நட்சத்திரக் கூட்டுக்கு மூங்கில் சீவுவது பெரியவர் வேலை. நூலால் மூலைகளை முடிவதும், ரிசு பேப்பரைக் கத்தரித்துக் கோதுமை மாப் பசை பூசி ஒட்டுவதும் பிள்ளைகளின் வேலை. நான்கு வயதளவில் நேர்கோட்டில் வெட்ட வரும். வளைவு பிந்தித்தான் வரும். கோணலாக வந்தால் கோணலாகவே தொங்கட்டும். திருவருகைக்கால வளையத்தின் மூன்று ஊதா மெழுகுதிரிகளும் ஒரு ரோசா மெழுகுதிரியும் கிழமைகளை எண்ணப் போதுமான நாட்காட்டி. கரோல் பாட்டுக்குக் கைதட்டுவதும் அசைவு செய்வதும் நல்ல பயிற்சிதான். வெளிநாட்டில் இருக்கும் மாமி, சித்தப்பாவுக்கு வாழ்த்து மட்டையில் பெயரெழுதுவதையும் பிள்ளையிடமே விடுங்கள். சைவக் குடும்பங்களும் இதை வாசித்துவிட்டுத் தங்களுக்கில்லை என்று விட வேண்டாம். பள்ளிக்கூட ஒளிவிழாவுக்கு உங்கள் பிள்ளைகளும்தானே சோடனை செய்கிறார்கள்! நத்தார் முடிந்து மூன்று கிழமையில் தைப்பொங்கலும் வருகிறது. கோலம் போடும் விரலும் எழுதும் விரலும் ஒன்றுதான்.

இனி, நான் உண்மையில் பயப்படும் விடயங்கள். பலகாரச் சூட்டில் வெந்த கைகளையும் நாங்களே பார்க்கிறோம். உள்ளங்கை வெந்து ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை மடக்கி இழுத்துவிடும். அந்த விரல்களை மீண்டும் நிமிர்த்த மாதக்கணக்காகும், சில வேளை சத்திரசிகிச்சையும் தேவைப்படும். எங்கள் வீடுகளில் அடுப்பு நிலத்தோடு இருக்கிறது, தாச்சி நிறைய எண்ணெய் கொதிக்கிறது. ஆகவே உருட்டுவது விறாந்தையில், பொரிப்பது குசினியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவோ ஒரு பெரியவரோ இருக்க வேண்டும். தவறி எண்ணெய் பட்டுவிட்டால் உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். குழாய் இல்லாத வீட்டில் கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றலாம். பற்பசை, மஞ்சள், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

குடிலுக்குக் களிமண்ணும் கல்லும் பாசியும் தேடிப் பிள்ளைகள் குளக்கட்டுக்கும் காட்டோரத்துக்கும் போவார்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும், பழக்கமில்லாத காணியில் பிள்ளைகள் மண் கிண்ட வேண்டாம். மழையில் மேல் மண் கரைந்து புதைந்தவை வெளியே வரும். துருப்பிடித்த எதைக் கண்டாலும் தொடாமல் திரும்பி வந்து பெரியவரிடம் சொல்லப் பழக்குங்கள். வயல் சேற்றில் வெறுங்காலோடு, அதுவும் காலில் புண்ணோடு, இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். மண்ணைப் பெரியவர் எடுத்து வரட்டும். பிசைவதைப் பிள்ளை செய்யட்டும்.

இந்த நான்கு கிழமையையும் ரியூசனால் நிரப்பிவிடும் பெற்றோருக்கு, குறிப்பாக அடுத்த வருடம் புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, ஒன்று சொல்கிறேன். காலையில் வகுப்பு, பின்னேரம் வகுப்பு, இரவில் களைப்புத் தீரப் போன் என்று போகும் விடுமுறை விரல்களுக்கு எதையும் கொடுப்பதில்லை. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பின்னேர வகுப்பையாவது நிறுத்தி, அந்த நேரத்தில் பிள்ளையைப் பலகாரத் தட்டுக்கு முன்னால் இருத்துங்கள்.

இப்படிக் கூட இருந்து வேலை செய்யும்போது பிள்ளையின் கையைக் கவனிக்கவும் முடியும். ஒன்றரை வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையைப் பொத்தி வைத்திருக்கும் பிள்ளை, ஐந்து வயதாகியும் பொத்தானைப் போட இயலாத பிள்ளை, முன்பு செய்த கைவேலை இப்போது வராத பிள்ளை, மா, பசை, மண் எது பட்டாலும் அலறிக் கையை இழுக்கும் பிள்ளை, இவர்களுக்காகத் தை பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது வெளிநோயாளர் பிரிவில் காட்டி எங்களிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வரும்போது பிள்ளை உருட்டிய சிப்பி நாலைந்தையும், கீறிய வாழ்த்து மட்டை ஒன்றையும் கொண்டு வந்தால், பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று எனக்கு விளங்கும்.