ஏரன்கைமா: காற்றுத் திசுவா, காற்றறைத் திசுவா?

நீர் தேங்குவதைத் தாங்கும் மக்காச்சோளத்தைப் பற்றிப் படித்தால் ஏரன்கைமா என்ற சொல் கட்டாயம் எதிர்ப்படும். வேரின் புறணியில் (வெளித்தோலுக்கும் மையக் குழாய்த் திசுவுக்கும் இடைப்பட்ட பகுதி) நீளவாக்கில் ஓடும் காற்று வழிகளைக் கொண்ட திசுவின் பெயர் அது. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். மண் மூழ்கிவிட்டால் வேருக்குரிய ஆக்சிஜன் தண்டு வழியே மேலிருந்துதான் இறங்கி வர வேண்டும்.

கிரேக்கத்தில் 'ஏர்' என்றால் காற்று, 'என்கைமா' என்றால் உள்ளே வார்க்கப்பட்டது. பாரன்கைமா, கோலன்கைமா ஆகிய பிற தாவரத் திசுப் பெயர்களின் ஈறும் இதுவே. 1889-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹைன்ரிச் ஷெங்க் இச்சொல்லை ஆண்டபோது, சதுப்புச் செடிகளில் தக்கையை ஒத்து வளரும் பஞ்சுபோன்ற திசுவைத்தான் குறித்தார். புறணிக்குள் தோன்றும் காற்று வழிகளுக்கும் அது பின்னாளில் விரிந்தது.

தமிழில் 'காற்றுத் திசு' எனலாம்; ஆனால் திசு காற்றால் ஆனது என்று பொருள் மயங்கும். 'காற்றறைத் திசு' மேலானது, ஆயினும் அறை என்றதும் நான்கு பக்கமும் அடைத்த இடமே மனதில் வருகிறது. உள்ளே தொடர்ந்து செல்லும் துளைக்குப் 'புழை' என்ற சொல் நம்மிடம் உண்டு. யானையின் துதிக்கை புழைக்கை, இயற்பியலில் நுண்புழை. நீந்தும் யானை புழைக்கையை நீருக்கு மேலே நீட்டி மூச்சு விடுவதைப் போலத்தான் இந்த வேரும் வாழ்கிறது. ஆகவே 'காற்றுப்புழைத் திசு' என்பதே என் தேர்வு. காற்றுவேர், சுவாச வேர் ஆகியவை வேறு. அவை வேரின் வகைகள், இது வேருக்குள் இருக்கும் திசு.

மக்காச்சோளத்தில் புழை உருவாவது செல்கள் மடிவதால். ஆக்சிஜன் குறைந்த வேரில் எத்திலீன் என்ற வளிம ஹார்மோன் கூடுகிறது, சூழ்ந்த நீர் அதை வெளியேற விடுவதில்லை, புறணியின் நடுப்பகுதிச் செல்கள் தாமாகவே சிதைகின்றன. ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டால் எத்திலீன் உருவாக வழியில்லை, புழையும் தோன்றாது. சாதாரண மக்காச்சோளத்தில் இது பெரும்பாலும் நீர் தேங்குவது போன்ற நெருக்கடிக்குப் பிறகே தொடங்கும். நிகரகுவாவின் வெள்ளச் சமவெளியில் வளரும் காட்டு உறவான சியா நிகரகுவென்சிஸ், வடிகால் நன்றாக உள்ள மண்ணிலேயே புழையோடு வளர்கிறது. அதன் வேரின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் கசிவைத் தடுக்கும் அரணும் உண்டாகிறது. அந்த அரண் இல்லாத வேரில், மேலிருந்து வரும் காற்று நுனியை எட்டுமுன் பக்கவாட்டில் மண்ணுக்குள் போய்விடும். புழையை மட்டும் இனக்கலப்பில் மக்காச்சோளத்துக்குக் கொண்டுவந்தால் போதாது என்பது இதனால்தான்.

கண்ணால் பார்க்க, புதிய பிளேடால் வேரைக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டி, நீர்த்துளியில் வைத்து 40 மடங்கு பெருக்கத்தில் நோக்குங்கள். காற்று சிக்கிய இடங்கள் கறுத்துத் தெரியும். நுனியை ஒட்டி வெட்டினால் ஒன்றும் இராது. மழுங்கிய பிளேடு புறணியைக் கிழித்துப் பொய்ப்புழை காட்டும். மெய்ப்புழைகளுக்கு இடையே மீந்த செல்சுவர்கள் சக்கரத்தின் ஆரக்கால் போல் நிற்கும். வறட்சியும் நைட்ரஜன், பாஸ்பரஸ் பற்றாக்குறையும் இதே புழையை உண்டாக்கும். எனவே வடிகால் உள்ள தொட்டியில், உரக்குறையின்றி வளர்த்த அதே ரகத்தின் வேரையும் வெட்டி ஒப்பிடுங்கள்.