சேர்வரின் பூட் டிஸ்க்குக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய நிறுவனத்துக்குச் சேர்வர் அமைக்க விலைமதிப்புக் கேட்கும்போது, செலவைக் குறைக்கச் சொன்னதும் முதலில் கைவைக்கப்படுவது, விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமை இருக்கும் பூட் டிஸ்க்கில்தான். தரவு வேறு வன்தட்டுகளில் இருக்கப்போகிறது, பணிசெயல் முறைமைக்கு 32 ஜிபி போதும் என்று மைக்ரோசொப்டே சொல்கிறதே என்பது வழக்கமான வாதம். விண்டோஸ் சேர்வர் 2022 இற்கு அந்த அளவு சொல்லப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அது நிறுவி முடிப்பதற்கான ஆகக் குறைந்த அளவேயன்றி, ஐந்து வருடம் ஓட்டுவதற்கான அளவு அல்ல. 16 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் கூடுதல் இடம் வேண்டும் என்று அதே ஆவணம் கூறுவதை நான் வாடிக்கையாளர்களுக்குக் கட்டாயம் காட்டுவதுண்டு.

ராமுக்கும் பூட் டிஸ்க்குக்கும் என்ன தொடர்பு? சேர்வர் நீலத்திரையில் விழுந்தால் காரணத்தை அறிய உதவுவது, அந்த நேரம் ராமில் இருந்தவற்றின் பதிவான மெமரி டம்ப். முழு டம்ப் எடுக்கும்படி அமைத்தால், அது முதலில் எழுதப்படும் பேஜ் கோப்பு ராமின் அளவை விடச் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். 64 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் அந்த ஒரு கோப்பே 64 ஜிபியைத் தாண்டிவிடும். சேமிக்கப்படும் டம்ப்புக்கு இன்னும் இடம் வேண்டும். இதற்கு மேல், மாதந்தோறும் வரும் அப்டேட்களால் விண்டோஸ் கோப்புறையும் பெருத்துக்கொண்டே போகும்.

லினக்ஸில் சிக்கல் வேறு விதமானது. வடமராட்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உபுண்டு சேர்வர், மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாளில், தட்டில் இடமில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. உள்ளே இருந்ததோ 240 ஜிபி எஸ்எஸ்டி. தட்டைப் பின்னர் விரிக்கக்கூடிய பகுதிகளாகப் பிரிக்கும் எல்விஎம் முறையைத் தேர்ந்தால், 200 ஜிபிக்கு மேற்பட்ட தட்டில் உபுண்டுவை நிறுவும் மென்பொருள் முதன்மைப் பகுதிக்கு 100 ஜிபியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை ஒதுக்காமல் விட்டுவிடும். நிறுவியவர் அதைக் கவனிக்கவில்லை. லொக் கோப்புகளும் உள்ளேயே எடுக்கப்பட்ட பக்கப்பும் அந்த 100 ஜிபியை நிரப்பியபோது, பக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட ஜிபி வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பகுதியின் கோப்பு முறைமை எக்ஸ்ட்4 என்றபடியால், சேர்வரை நிறுத்தாமலேயே விரித்துவிட முடிந்தது. சேர்வரை எழுப்பும் கோப்புகள் உள்ள பூட் பார்டிஷனைத் தனியாக வைப்பவர்கள் குறைந்தது 1 ஜிபி கொடுக்கவேண்டும்; லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் பழைய பதிப்புகள் அகற்றப்படாமல் சேர்ந்தால் அதுவும் நிரம்பி, அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும்.

விஎம்வெயார் பாவிப்பவர்களுக்கு ஒரு சொல்: ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் சேர்வர்களை ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐயை முன்பு பென்டிரைவிலிருந்து ஓட்டிய பழக்கத்தை, 2020 இல் வந்த 7.0 பதிப்புக்குக் கொண்டுவரக்கூடாது. அது இடைவிடாமல் எழுதுவதால் மலிவான பென்டிரைவும் எஸ்டி கார்டும் தேய்ந்து போகும்.

என் பரிந்துரை, 32 ஜிபி ராம் வரை 240 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, இரண்டிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 இல். 128 ஜிபியை நெருங்கினால் 480 ஜிபி. பழுதானால் மாற்றுத் தட்டு பல வேளைகளில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவேண்டியிருக்கும் எங்களுக்கு இரண்டாவது தட்டு ஆடம்பரம் அல்ல. ஆனால் லினக்ஸின் மென்பொருள் ரெய்டில், சேர்வர் எழும்பும்போது முதலில் படிக்கப்படும் ஈஎப்ஐ பார்டிஷன் பொதுவாகத் தானாகப் பிரதியாவதில்லை என்பதால், சேர்வரைப் பொறுப்பேற்கும் முன் முதல் தட்டைக் கழற்றச் சொல்லி, இரண்டாவதிலிருந்து அது எழும்புகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.