கப்பலின் பாரம் யாருக்குத் தெரியும்?

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகு ஏறியவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம்: "ஒரு பக்கமா நிக்காதேங்கோ, உள்ளுக்கு இறங்கி இருங்கோ!" அந்த 'உள்ளுக்கு இறங்கி'யில்தான் விஷயமே இருக்கிறது. சிறு சரிவுகளில் படகு, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆணியில் தொங்கும் ஊசல்போல ஆடும். பாரத்தின் மையம் அந்த ஆணிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவுக்கு நிமிரும் பலம். பாரம் மேலே ஏறினால் பலம் குறையும்.

போர்க்கப்பல் வரைபவருக்கும் இதே தலைவலி. ஆனால் அவர் வரையும்போது கப்பலே இல்லை. பீரங்கி, ராடார், கேபிள், பெயின்ற் எல்லாவற்றின் எடையும் உயரமும் வெறும் கணிப்பு.

கணிப்பு பிசகினால்? பிரித்தானியாவின் 'கப்டன்' போர்க்கப்பலில் தளம் நீருக்கு மேல் 8 அடி நிற்கும் என்றார்கள். கட்டி முடித்தபோது பாரம் கூடி, மிஞ்சியது ஏறக்குறைய ஆறரை அடி. தளம் தாழ்ந்தால் சரியும்போது அதன் விளிம்பு சீக்கிரமே நீருக்குள் போய்விடும். அதன் பிறகு நிமிரும் பலம் முன்போல வளராது. இந்தக் கப்பலில் அது 21 பாகையிலேயே உச்சம் தொட்டு இறங்கியது. 1870 செப்டம்பரில் ஓர் இரவுப் புயலில் கவிழ்ந்து, 470 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதனால் இப்போது சிலர் ஒரே எண்ணை நம்புவதில்லை. ஒவ்வொரு எடைக்கும் 'இதிலிருந்து இதுவரை' என்று ஒரு வீச்சு கொடுத்து, கணினியில் ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப் போட்டு, எத்தனை தடவை கப்பல் பாதுகாப்பு எல்லை மீறுகிறது என்று எண்ணுகிறார்கள். மொண்டே கார்லோ முறை என்று பெயர். சரி, இருபது வருடம் கழித்துப் ராடார் கம்பத்தில் என்ன ஏற்றுவார்கள்? அதற்கு வீச்சும் கிடையாது. வளரும் பிள்ளையின் சட்டையில் தையற்காரர் துணியை உள்ளே மடித்து விடுவதுபோல, கொஞ்சம் இடம் விடத்தான் முடியும். கூட விட்டாலோ கப்பல் பெருத்து, செலவும் ஏறும்.

உண்மை தெரிவது கட்டிய பிறகுதான். உதாரணமாக, 3,000 தொன் கப்பலில் 10 தொன் பாரத்தை 10 மீற்றர் குறுக்காக நகர்த்துகிறார்கள்; கப்பல் கொஞ்சம் சரியும். மேசன்மார் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று, 3 மீற்றர் நூலில், 10 சென்ரிமீற்றர் விலகினால், பாரத்தின் மையம் 'ஆணி'க்கு ஒரு மீற்றர் கீழே. காற்றில்லாத நாளாகப் பார்ப்பார்கள். கயிறுகளைத் தளர்த்தி, தேவையில்லாதவர்களைக் கரைக்கு அனுப்பிவிட்டு, மிச்சப்பேரிடம் சொல்வார்கள்: நின்ற இடத்தை விட்டு அசையாதேங்கோ.