மானியத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வீட்டுக் கடன் விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். முதல் வீடு வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்ததும் பெரும்பாலும் சொல்வது இதுதான்: “கவர்மென்ட் மானியம் 2.67 லட்சம் வருமாமே சார், அது போக மீதிக்குக் கடன் ஏற்பாடு பண்ணுங்க.” இதில் இரண்டு தவறு இருக்கிறது. 2.67 லட்சம் பழைய கணக்கு. 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், குறைந்த வருமானக்காரர்களுக்கான அந்த வட்டி மானியம் 2022 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இன்னொரு தவறு, மானியத்தை வீட்டு விலையில் கழித்துக்கொள்வது.

இப்போது நடப்பது 2024 செப்டம்பர் 1-ல் தொடங்கிய, அதே பிரதமர் திட்டத்தின் அடுத்த கட்டமான நகர்ப்புறத் திட்டம் 2.0. அந்தத் தேதிக்குப் பிறகு சேங்ஷன் ஆகி, பணமும் கொடுக்கப்பட்ட வீட்டுக் கடனுக்குத்தான் இந்த வட்டி மானியம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு, 120 சதுர மீட்டருக்குள். கடனின் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 12 ஆண்டு வரை 4 சதவீத வட்டி மானியம். கூடிப்போனால் கைக்கு வருவது 1.80 லட்சம். கைக்கு என்று சொல்வதும் சரியில்லை. அது ஐந்து ஆண்டுத் தவணைகளாக உங்கள் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆண்டுக்கு 36,000 ரூபாய். பத்திரப்பதிவு அன்று பில்டரிடம் நீட்ட அதில் ஒரு ரூபாய்கூட இருக்காது.

அன்றைக்குத் தேவைப்படும் பணத்தைப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு. கடன் 25 லட்சம். மீதி 5 லட்சம் சொந்தப் பணம். பதிவுச் செலவு தமிழ்நாட்டில் 9 சதவீதம், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. அது 2.70 லட்சம். இந்தச் செலவைக் கடன் தொகையில் சேர்க்க மாட்டார்கள். ஆக, ஏறக்குறைய 8 லட்சம் கையில் இல்லாமல் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. மானியத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பதிவுத் தேதி நெருங்கும்போது நகையை அடகு வைக்கிற குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன்.

25 லட்சம் என்ற வரம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சம்பளம் நன்றாக இருந்தால் வங்கியே 27, 28 லட்சம் தருகிறேன் என்னும். இன்டீரியருக்கு ஆகுமே என்று வாங்கிக்கொண்டால் மானியம் முழுக்கப் போச்சு. கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் காப்பீட்டு பிரீமியத்தையும் கவனியுங்கள்; அதே கணக்கில் ஏற்றினால் தொகை வரம்பைத் தாண்டுகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, யாருமே என்னிடம் கேட்காத விஷயம். ஒவ்வொரு மானியத் தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் நிலுவையும் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்குக் கடன் என்றாலே தூக்கம் வராது. சீட்டு எடுத்தோ, ஊரில் நிலத்தை விற்றோ சீக்கிரம் அடைக்கத்தான் பார்ப்பார்கள். 10 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிய வரவைக் கழிக்காமல் பார்த்தால்கூட, மூன்று ஆண்டு கழித்து அசல் சுமார் 9.35 லட்சம் நிற்கும். அப்போது 4 லட்சம் சேர்த்துக் கட்டி, அதே ஈஎம்ஐ-யைத் தொடர்ந்தால், அடுத்த ஓராண்டுக்குள்ளேயே நிலுவை 5 லட்சத்துக்குக் கீழே போய்விடும். அதற்குப் பிறகு வர வேண்டிய மானியத் தவணை வராது. அதற்காக மானியம் முடியும்வரை ஒன்றுமே கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. 6 லட்சம் சும்மா கையில் இருந்தால், அதைக் கட்டாமல் வைப்பதற்கு ஆண்டுக்கு 51,000 ரூபாய் வட்டி போகும், மானியமோ 36,000. அங்கே கடனை அடைப்பதே லாபம்.

தகுதியில் குழப்பம் ‘குடும்பம்’ என்பதில்தான். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள், இவ்வளவுதான் குடும்பம். இவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. அப்பா பெயரில் வீடு இருப்பதால் கல்யாணமான மகனுக்குத் தகுதி போகாது. ஆனால் மனைவிக்குச் சீதனமாகப் பிறந்த வீட்டில் எழுதிக் கொடுத்த சின்ன வீட்டைப் பலர் மறந்தேபோகிறார்கள். கடந்த 20 ஆண்டுகளில் ஏதாவது அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருந்தாலும் கிடையாது.

கிரயப் பத்திரம் குடும்பத் தலைவியின் பெயரில் அல்லது கூட்டாக இருக்க வேண்டும். கணவர் பெயரில் மட்டும் பதிவு செய்துவிட்டுப் பிறகு மாற்ற அலைவதைவிட, விற்பவரோடு ஒப்பந்தம் போடும்போதே இரண்டு பேரையும் சேர்த்துவிடுங்கள். வீடு நகர்ப்புற எல்லைக்குள்ளோ அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள்ளோ வருகிறதா என்றும் பாருங்கள். கிராமத்துக்குத் தனித் திட்டங்கள் உண்டு; தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் குடிசையில் இருப்பவர்கள் வீடு கட்டத்தான், வாங்குகிறவர்களுக்கு அல்ல.

விண்ணப்பத்தைத் திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே போடலாம். குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரும், வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும். ‘மானியத்தை நான் வாங்கித் தருகிறேன், பத்தாயிரம் கொடுங்கள்’ என்று புரோக்கர் யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். தகுதி இருந்தால் அவர் இல்லாமலே வரும். இல்லையென்றால் அவர் வந்தாலும் வராது. அந்தப் பத்தாயிரத்தை வில்லங்கச் சான்றுக்கும் வக்கீல் பார்வைக்கும் செலவழியுங்கள்.